இல்லம் பேணுவோம்: ஓட்டுக்கு அடியில் ஒரு காவல்



ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து தை பிறந்ததும், நம் புதுவை நகரில் வீடு பழுதுபார்க்கும் வேலைகள் தொடங்கிவிடும். பழைய சிமெண்டுத் தரையைப் பெயர்த்துவிட்டுக் குளியலறைக்குப் புதிய ஓடு பதிக்கப் பலரும் விரும்புவர். கடைக்குச் செல்கிறோம், நிறம் பார்க்கிறோம், விலை பேசுகிறோம். ஆனால் அந்த ஓட்டுக்கு அடியில் என்ன இடப்போகிறோம் என்று கேட்பவர் மிகச் சிலரே.

நாமும் ஒரு காலத்தில் அதைக் கேட்டோமில்லை. நம் வீட்டு மாடியில் புதிதாகக் குளியலறை அமைத்தபோது, மந்திரிப்புக்கு நாள் குறித்து உறவினர்க்கும் சொல்லிவிட்டிருந்தோம். “நீர்க்காப்புப் பூச்சுப் பூசி, இரண்டு நாள் தண்ணீர் தேக்கிப் பார்த்த பிறகு ஓடு பதிக்கலாம், ஐயா” என்றார் கொத்தனார். நாள் போதாது என்று நாமே தடுத்துவிட்டோம். மந்திரிப்பு இனிதே நடந்தது. வந்தவர்கள் ஓட்டின் அழகைப் புகழ்ந்தனர்.

மறு ஆண்டு ஒரு நாள், கீழ்ப்பகுதியில் வாடகைக்குக் குடியிருந்த மூதாட்டியைக் காணச் சென்றோம். அவருடைய கட்டில் அறையின் நடுவே கிடந்தது. சுவரோரம் ஒரு பாத்திரம். அதற்கு மேலே தளத்தில் கரிய ஈரத்திட்டு. பல மாதங்களாக அவர் அந்தச் சொட்டு நீரை ஏந்தி ஏந்திக் கொட்டி வந்திருக்கிறார். “வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது என்றிருந்தேன், தம்பி” என்றார். நாம் தலைகுனிந்தோம்.

பளபளக்கும் ஓடு நீரைத் தடுக்காதா என்று கேட்கலாம். ஓட்டின் முகம் தடுக்கும். ஓடுகளின் இடையே சிமெண்டுக் குழம்பால் அடைத்த இணைப்புகள் முழுமையாகத் தடுப்பதில்லை. அவற்றிலுள்ள நுண்துளைகள் வழியே நீர் மெல்ல இறங்கிக் காரையை நனைக்கும். பின்பு கான்கிரீட்டுக்குள் புகும். அங்குள்ள கம்பி துருப்பிடிக்கும். துருவானது இரும்பைவிடப் பன்மடங்கு இடங்கொள்வதால் கான்கிரீட் வெடித்து உதிரும். கடலோர ஊராகிய நமக்கு உப்புக்காற்றும் சேர்ந்து அக்கேட்டை விரைவுபடுத்துகிறது.

நம் முன்னோர் நீரின் வலிமையை அறிந்தே கட்டினர். பழைய புதுவை வீடுகளின் மெட்ராஸ் டெரஸ் தளத்தைப் பாருங்கள். மர விட்டங்களின்மேல் செங்கல்லைக் குத்துநிலையில் சுண்ணாம்புக் காரையில் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் தெளித்து, கட்டையால் நாட்கணக்கில் அடித்து இறுக்கினர். அதற்குப் பிறகே தட்டோடு பதித்தனர். ஓட்டுக்கு அடியிலேயே காவல் இருந்தது. அத்தகைய பழைய கட்டடங்களும் பராமரிப்புக் குறைந்தால் நீருக்குத் தாங்குவதில்லை. கடற்கரைச் சாலையில் 19-ஆம் நூற்றாண்டில் எழுந்த மேரி கட்டடம் 2014 நவம்பர் 29 அன்று மழையில் இடிந்து வீழ்ந்ததையும், புதிதாகக் கட்டப்பட்டு 2021-இல் திறக்கப்பட்டதையும் நாம் அறிவோம். ஆகவே, மரவிட்டத் தளத்தின்மேல் குளியலறை அமைக்க எண்ணுவோர் முதலில் பொறியாளரைக் கொண்டு விட்டங்களைச் சோதிக்க வேண்டும்.

மரத்தளம் மிகுந்த மேலைநாடுகளில், ஓட்டுக்கும் தளத்துக்கும் இடையே நெகிழ்வுள்ள பிளாஸ்டிக் விரிப்பை ஒட்டுகின்றனர். மரம் ஈரத்தில் உப்பிக் காய்ச்சலில் சுருங்கினாலும், அவ்விரிப்பு அசைவைத் தாங்கி ஓடு விரிசல் விடாமல் காக்கிறது. விரிப்பின் இணைப்புகளை நாடாவால் மூடினால் நீரும் தடைபடும்.

நம் கான்கிரீட் தளங்களுக்கு, சிமெண்டுடன் பாலிமர்த் திரவம் கலந்து பூசும் பூச்சே பெரிதும் பயன்படுகிறது. தளத்தைத் துப்புரவாக்கி, விரிசல்களை அடைத்து, நீர்போக்கியை நோக்கி வாட்டம் கொடுக்க வேண்டும். 100 அங்குலத்துக்கு ஓர் அங்குலமேனும் சரிவு இருப்பது நலம். சுவரும் தரையும் கூடும் மூலைகளைக் காரையால் வளைவாக்கி, அங்கே கண்ணாடியிழை வலையைப் பூச்சினுள் பதிக்க வேண்டும். முதற்பூச்சுக் காய்ந்தபின் அதற்குக் குறுக்குவாட்டில் இரண்டாவதைப் பூச வேண்டும். பூச்சு சுவரில் ஓரடியாவது ஏறவேண்டும். தலைக்கு நீர் விழும் பக்கத்தில் ஆறடி வரை ஏறட்டும். நீர்போக்கியின் வாய்க்குள்ளும் அது இறங்கியிருக்க வேண்டும். பல கசிவுகள் அங்கே தொடங்குகின்றன.

பூச்சு நன்கு உலர்ந்ததும், நீர்போக்கியை அடைத்து, 48 மணி நேரம் தண்ணீரைத் தேக்கிவைத்துக் கீழ்த்தளத்தைப் பாருங்கள். கசிவில்லையென்றால் மட்டுமே ஓடு பதிக்கச் சொல்லுங்கள். அதன்பின் அந்தத் தரையில் ஆணி அடிப்பதோ துளையிடுவதோ கூடாது.

நாம் பின்னர் ஓட்டையெல்லாம் பெயர்த்து மீண்டும் செய்தோம். செலவு இருமடங்காயிற்று, அதைவிட, நம் அவசரத்தின் விலையை ஒரு முதியவர் மாதக்கணக்கில் சுமந்தார் என்பதே நம்மை உறுத்திற்று. நம் தரை இன்னொருவருக்குக் கூரை. இம்முறை கொத்தனார் கேட்ட இரண்டு நாளையும் கொடுத்தோம். அவ்விரு நாள் முடிவில் நாம் முதலில் சென்று பார்த்தது மாடியை அன்று. கீழே, அம்மூதாட்டியின் அறையை. தளம் உலர்ந்திருந்தது. கட்டில் மீண்டும் சுவரோரம் சென்றது.