வார்த்தைக்கேற்ற வரிசையா? வரிசைக்கேற்ற வார்த்தையா?



புராஜெக்ட் என்றாலே இன்று நம்மில் பலர் மொபைல் ஆப் செய்யத்தான் கிளம்புகிறோம். ஆப் என்றால் அதில் ஒரு பட்டியல் இருக்கும். அதன் ஒவ்வொரு வரிசைக்கும் 44 பாயிண்ட், 48 டிபி என்று ஓர் உயரத்தை அடித்துவிட்டு, 'வேலை முடிஞ்சுது' என்று எழுந்துவிடுகிறோம். இது சரிதானா? சரியில்லை என்பதே என் கருத்து.

சோதித்துப் பார்க்க நாம் போடும் எழுத்து என்ன? 'டெஸ்ட் 1', 'டெஸ்ட் 2'! அது எந்தக் கட்டத்திலும் அடங்கும். ஆங்கிலத்தில் ஆறே எழுத்தில் முடியும் 'சப்மிட்', தமிழில் 'சமர்ப்பிக்கவும்' என்று நீள்கிறது. ஒரு சொல்லே இப்படி என்றால், முழு வாக்கியம் எப்படி அடங்கும்? அடங்காததை வெட்டிவிட்டு மூன்று புள்ளி வைத்துவிடுகிறது போன்.

மூன்று புள்ளிதானே என்று சிரிக்காதீர்கள். எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். அம்மா எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். பார்வை மங்கியதால் போனில் எழுத்தைப் பெரிதாக வைத்திருக்கிறார். அவர் வாங்கிய சிறு கடனுக்கான ஆப்பில், 'தவணைத் தேதி தவறினால்...' என்று வரி நின்றுவிட்டது. "மிச்சம் எங்கடா?" என்று கேட்டார். எழுத்தைச் சிறிதாக்கிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, அபராதமே அந்த மிச்சத்தில்தான் இருந்தது!

இதற்கு வழி இல்லையா? தாராளமாக இருக்கிறது. ஐபோனில், 2014-ல் வந்த ஐஓஎஸ் 8 முதலே வரிசை தன் உயரத்தைத் தானே கணக்கிட்டுக்கொள்ளும். 'ரோ ஹைட்' என்ற இடத்தில் எண்ணுக்குப் பதில் 'ஆட்டோமேட்டிக் டைமென்ஷன்' கொடுக்க வேண்டும். லேபிளின் 'நம்பர் ஆஃப் லைன்ஸ்' 0 ஆக இருக்க வேண்டும். அப்போது எத்தனை வரி வந்தாலும் ஏற்கும். லேபிளைக் கட்டத்தின் மேல் விளிம்போடும் கீழ் விளிம்போடும் கன்ஸ்ட்ரெயின்ட் போட்டுக் கட்ட வேண்டும். கீழே கட்ட மறந்தால் கணக்கு நிற்காது.

ஆண்ட்ராய்டில் உயரத்துக்கு 'ராப் கன்டென்ட்' போதும். அங்கே இன்னொன்றையும் கவனியுங்கள். எஸ்பி அளவில் போட்ட எழுத்து, பயன்படுத்துபவர் பெரிதாக்கினால் வளரும். டிபி அளவில் போட்ட பெட்டி அதோடு சேர்ந்து வளராது. உடம்பு வளர்ந்தும் பழைய சட்டையை மாட்டிவிட்ட கதைதான்!

"எல்லா வரிசையும் ஒரே அளவா இருந்தாதானே அழகு? ஸ்க்ரோல் பண்ணும்போது திக்குமே?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்காகத்தான் ஐபோனில் 'எஸ்டிமேட்டட் ரோ ஹைட்' என்று ஒன்று இருக்கிறது. உத்தேச உயரத்தைச் சொல்லிவிட்டால், எல்லா வரிசையையும் முன்கூட்டியே அளக்காமல், திரைக்கு வரும்போது மட்டும் அளந்துகொள்ளும். உத்தேசம் உண்மைக்குப் பக்கத்தில் இருந்தால் துள்ளலும் குறையும். அழகு வேண்டுமென்றால் குறைந்தபட்ச உயரம் வைக்கலாம். அழகுக்காக அர்த்தத்தையே வெட்டலாமா?

ஆகவே நண்பர்களே, புராஜெக்டைச் சமர்ப்பிக்கும் முன் இரண்டே சோதனைகள் செய்வோம். பட்டியலில் ஒரு நீண்ட தமிழ் வாக்கியத்தைப் போடுவோம். போனின் எழுத்தை அதிகபட்ச அளவுக்கு ஏற்றுவோம். இரண்டிலும் கடைசிச் சொல் வரை தெரிந்தால்தான் அது முடிந்த ஆப்.

படித்த நாம் வைக்கும் மூன்று புள்ளி, படிக்க வாய்ப்பில்லாதவர் தலையில் போய் விழுகிறது. சிந்திப்போம், செயல்படுவோம்!