வாட் தெரிகிறது, ஓம் எங்கே?

தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும் ஊத்துக்குளி, திருப்பூர் பக்கத்து லைன் வீடுகளில் பலருக்கும் ஒரு பாட்டு செட் வாங்கும் ஆசை வருகிறது. அசெம்பிள் செய்த ஆம்ப்ளிஃபையர் ஒன்று, தனியாக ஒரு ஜோடி ஸ்பீக்கர், மிச்சக் காசுக்கு ஒரு சப் ஊஃபர். கடையில் கேட்பது ஒரே கேள்வி: எத்தனை வாட்? விற்பவரும் முன்பக்கம் ஒட்டியிருக்கும் ஆயிரக்கணக்கான பிஎம்பிஓ வாட்டைக் காட்டுகிறார். அது விளம்பரக் கணக்கு. அதை வைத்து எதையும் இணைக்க முடியாது. குறைந்தது எத்தனை ஓம் வரை தாங்கும், எத்தனை ஆம்பியர் ஃபியூஸ் என்பதைப் பின்பக்கம் அச்சிடாத எந்த ஆம்பும் கடையை விட்டு வெளியே போகக் கூடாது என்பதே என் கட்சி.

காரணம் எளிய கணக்குதான். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 50 வாட் கொடுக்கும் ஆம்ப், 20 வோல்ட்டில் இரண்டரை ஆம்பியர் தருகிறது. சத்தம் இன்னும் வரட்டும் என்று அதே முனையில் இன்னொரு 8 ஓம் ஸ்பீக்கரைப் பேரலலாக மாட்டினால் மொத்தம் 4 ஓம். வால்யூமைத் தொடாமலேயே 5 ஆம்பியர். 4 ஓம் ஸ்பீக்கர் இரண்டு என்றால் 2 ஓம், 10 ஆம்பியர். அதைத் தாங்காத அவுட்புட் டிரான்சிஸ்டர் சூடேறி ஷார்ட் ஆகும். பாதுகாப்பு ரிலே இல்லாத ஆம்பில் அப்போது உள்ளிருக்கும் டிசி மின்சாரம் நேராக ஸ்பீக்கர் காயிலில் பாய்ந்து அதைக் கருக்கிவிடும். ஒயரைச் சீவி முறுக்கும்போது தப்பிய ஒற்றைச் செம்பு இழை சிவப்பு முனைக்கும் கறுப்பு முனைக்கும் நடுவே கிடந்தாலும் இதே கதிதான். போன ஃபியூஸுக்குப் பதில் கம்பியைச் சுற்றியிருந்தால், தடுக்க அங்கே எதுவும் மிச்சமில்லை.

பிராண்டட் செட் வாங்கிவிட்டால் போச்சு என்பார்கள். அசெம்பிள்டு ஆம்ப் மட்டமானதல்ல. பழுதானால் உள்ளூரிலேயே டிரான்சிஸ்டர் மாற்றி ஓட்டலாம், விலையும் கைக்கு அடக்கம். குறை, அதன் மேல் எழுத்தே இல்லாததுதான். சட்டம் பார்த்துக்கொள்ளாதா? மின்னணுப் பொருள்களுக்கான 2012ஆம் ஆண்டின் கட்டாயப் பதிவு ஆணை, ஆம்ப்ளிஃபையர் என்று பெயர் சொல்லிச் சேர்த்தது 2000 வாட்டும் அதற்கு மேலும் மின்சாரம் இழுப்பவற்றைத்தான். அது மேடைக் கச்சேரிக்குப் போகும் சரக்கு. சின்னக் கடைக்கு லேபிள் சுமையாகுமே என்ற வாதம் இந்த ஊரில் செல்லாது. ஒரு பனியனுக்கே அளவு, நூலின் சதவீதம், துவைக்கும் முறை எல்லாம் லேபிளில் தைத்து அனுப்புகிறோம். 230 வோல்ட்டில் ஓடும் பெட்டிக்கு ஒரு ஸ்டிக்கர் பெரிய செலவா?

யார் படிக்கப் போகிறார்கள் என்பது கொஞ்சம் கனமான ஆட்சேபம். எல்லாரும் படிக்க மாட்டார்கள்தான். ஆனால் எண் எழுதியிருந்தால், இணைத்துக் கொடுக்க வரும் பையனாவது பார்ப்பான். செட் புகைந்தால் யார் தவறு என்று பேச ஒரு ஆதாரமும் இருக்கும். அதே ஸ்டிக்கரில் எர்த் கட்டாயம் என்ற வரியும் வேண்டும். ‘ஹம்’ சத்தம் போக எர்த் பின்னைக் கழற்றிவிடும் கைவைத்தியம் பரவலாக நடக்கிறது. இரும்புப் பெட்டிக்குள் டிரான்ஸ்ஃபார்மரின் இன்சுலேஷன் விட்டுப்போனால் பெட்டி மட்டுமல்ல, அதில் செருகிய ஆடியோ ஒயரும் ஷாக் அடிக்கும். ஸ்டிக்கர் வரும்வரை, ஓம், ஃபியூஸ் இரண்டையும் கடைக்காரர் கையாலேயே பில்லின் பின்னால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எழுதத் தயங்குகிறாரா, அடுத்த கடைக்குப் போங்கள்.