சைக்கிள் என்றால் அவ்வளவு கேவலமா?

கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தோடுதான் எழுதுகிறேன், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

பிரான்சில் இருக்கும் என் தம்பி மகன் போன வாரம் நம் குடும்பக் குழுவில் படங்கள் போட்டிருந்தான். பன்னிரண்டு பேர் சேர்ந்து, ஒரே நாளில் 140 கிலோமீட்டர், கிராமத்துச் சாலைகளில் சைக்கிள் பயணம். கோதுமை வயல், பழைய தேவாலயம், மரத்தடியில் ரொட்டி. எத்தனை இதயங்கள், எத்தனை "சூப்பர்டா தம்பி"! நானும் போட்டேன். உண்மையிலேயே பெருமையாக இருந்தது.

அந்த ஞாயிறு நாங்களும் போனோம். நானும் மேல்நிலை படிக்கிற ஆறு பிள்ளைகளும். அவர்களுக்கு அரசு கொடுத்த சைக்கிள், எனக்கு என் பழைய சைக்கிள். காலை ஐந்தரைக்கு லால்குடியில் கிளம்பி, வாளாடி, தாளக்குடி, நம்பர் ஒன் டோல்கேட், கொள்ளிடம் பாலம், திருவானைக்காவல். அங்கிருந்து வாழைத் தோப்புகளுக்கு நடுவே உத்தமர்சீலி, கிளிக்கூடு வழியாகக் கல்லணை. இரண்டு பஞ்சர். கல்லணையில் புளிசாதம். போக வர எழுபது கிலோமீட்டர் சொச்சம். படம் போட்டேன்.

வந்த பதில்கள்: "மாமா, இந்த வயசுல இதெல்லாம் தேவையா?" "சார், பஸ் ஓடலையா?" ஒரு நெருங்கிய உறவு போனிலேயே கேட்டது: "பிள்ளைங்க கவனிக்கலைன்னு ஊர்ல பேச மாட்டாங்களா?"

அங்கே மிதித்தால் நாகரிகம், இங்கே மிதித்தால் வறுமையா? இரண்டுக்கும் இரண்டு சக்கரம்தானே ஐயா!

1991இல் பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தில் என்ன நடந்தது? அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். கல் உடைக்கும் பெண்களும் விவசாயக் கூலிப் பெண்களும் ஆயிரக்கணக்கில் கற்றார்கள். ஆண்கள் கேலி பேசாமல் இல்லை. அவர்கள் மிதித்துக்கொண்டே போனார்கள். பத்திரிகையாளர் சாய்நாத் அதைப் புத்தகத்தில் எழுதி உலகமே படித்தது. நாம் மறந்துவிட்டோம்.

2001இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கினார்கள். பிறகு அரசு, உதவிபெறும் பள்ளிகளின் மேல்நிலைப் பிள்ளைகளுக்கும் விரிந்தது. பாதியில் நிற்க வேண்டிய எத்தனை பெண்களை அது பிளஸ் டூ வரை கொண்டுவந்தது என்பதை வகுப்பறையில் நின்று பார்த்தவன் நான். இன்று அந்த சைக்கிள் பல வீடுகளில் கொல்லையில் துருப்பிடிக்கிறது. உரிமம் இல்லாத பையன் கையில் மோட்டார் பைக்கைக் கொடுத்துவிட்டுப் பெருமைப்படுகிறோம். 2019 சட்டத் திருத்தப்படி அதற்குப் பெற்றோருக்கு மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். தெரியுமா?

"சார், ரோடு ஆபத்து" என்பீர்கள். அது ஒன்றுதான் நியாயமான பேச்சு, ஒப்புக்கொள்கிறேன். திரும்பும்போது வாளாடிக்கு அருகே ஒரு பேருந்து ஹாரனை அலறவிட்டு எங்களை ஓரம் கட்டியது. தார் விளிம்புக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு சாண் பள்ளம். ஒரு பையன் விழுந்தான். முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆனால் மறுநாளே அவன் அம்மா சைக்கிளைப் பூட்டிவிட்டார். இப்போது பஸ்ஸில் போகிறான். பஸ் வந்து சேர்வதற்குள் முதல் பாடவேளை பாதி போய்விடுகிறது. அவன் அம்மாவை நான் எப்படிக் குறை சொல்வேன்? கூட்டிக்கொண்டு போனவன் நான்தானே.

ஆனால் ரோடு ஏன் அப்படி இருக்கிறது? பிரான்சில் ஊருக்கு வெளியே சைக்கிளைக் கடக்கும் வண்டி ஒன்றரை மீட்டர் விலகிப் போக வேண்டும் என்பது சட்டம். அங்கே நான்காண்டுக்கு ஒருமுறை பாரிஸிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் 1,200 கிலோமீட்டர் பயணம் நடக்கிறது. 90 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். இந்தியாவிலிருந்தும் நூற்றுக்கணக்கானோர் போகிறார்கள். வழியோரக் கிராமத்தார் வாசலில் மேசை போட்டு, முன்பின் தெரியாதவர்களுக்குத் தண்ணீரும் காப்பியும் கொடுக்கிறார்கள். இது நமக்குத் தெரியாத பண்பா? சமயபுரத்துக்கு நடந்து போகிறவர்களுக்கு நீர்மோர் கொடுக்கிற ஊர் ஐயா இது! நடப்பவரை மதிக்கிறோம், மிதிப்பவரை ஏளனம் செய்கிறோம். ஏளனம் செய்கிற ஒன்றுக்கு எந்த அரசு இடம் ஒதுக்கும்? நம் வெட்கம்தான் அந்தப் பிள்ளைகளைப் பள்ளத்தில் தள்ளுகிறது.

என் மாணவர்களில் பொறியாளர்கள் இருக்கிறீர்கள், கவுன்சிலர்கள் இருக்கிறீர்கள், பேருந்து ஓட்டுபவர்களும் இருக்கிறீர்கள். லால்குடியிலிருந்து டோல்கேட் வரை தார் விளிம்புப் பள்ளத்தை நிரப்பி, சைக்கிளுக்கு ஒரு கோடு போடச் சொல்லி மனு எழுதியிருக்கிறேன். கையெழுத்துப் போடுங்கள். ஓட்டுநர் தம்பிகளே, ஹாரனில் இருந்து கையை எடுத்து, கொஞ்சம் விலகிப் போங்கள்.

அடுத்த ஞாயிறு காலை ஐந்தரைக்கு மறுபடி கிளம்புகிறேன். இந்த முறை பெரியவர்கள் மட்டும், பூவாளூர் வழியாகப் புள்ளம்பாடி வரை. கொல்லையில் கிடக்கும் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டு வாருங்கள்.

வர முடியாதவர்கள் அந்தப் படத்துக்கும் ஒரு இதயம் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்