குளிர வைக்காதீர்கள், வெளியே வையுங்கள்!

பிரேக் ரெசிஸ்டரை மெஷினின் பேனல் பெட்டிக்குள் பூட்டி வைப்பது, அது சூடாகிறது என்று ஃபேன் மாட்டுவது, ஃபேனும் போதவில்லை என்று ஏ.சி. மாட்டுவது... இதைவிடப் பெரிய வெட்டிச் செலவு எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

பி.காம் படிக்கிற பையனுக்கு இதில் என்ன வேலை என்கிறீர்களா? அம்பத்தூரில் ஜாப் ஒர்க் பட்டறை வைத்திருக்கும் உறவினர் ஒருவருக்கு ராயப்பேட்டையில் உட்கார்ந்து கணக்கு எழுதித் தருவது நான்தான். வெயில் ஏற ஏற "டிரைவ் ரிப்பேர்", "பேனல் ஏ.சி. சர்வீஸ்" என்ற வவுச்சர்களும் ஏறும். ஏன் என்று தோண்டிப் பார்த்ததில் தெரிந்துகொண்டதுதான் இதெல்லாம்.

முதலில் விஷயம் என்னவென்று பார்ப்போம். சி.என்.சி. லேத்தில் ஸ்பிண்டில் 3000 சுற்றில் ஓடுகிறது. வேலை முடிந்ததும் இரண்டே வினாடியில் நிற்க வேண்டும். அப்போது மோட்டார் ஜெனரேட்டராக மாறி மின்சாரத்தை டிரைவுக்கே திருப்பி அனுப்பும். 415 வோல்ட் லைனில் ஓடும் டிரைவுக்குள் சாதாரணமாக 580 வோல்ட் சுமாருக்கு டி.சி. இருக்கும். திரும்பி வரும் மின்சாரத்தால் அது எகிறும். சாதாரண டிரைவால் அதை ஈ.பி. லைனுக்குத் திருப்பி அனுப்ப முடியாது. அதனால் 750, 800 வோல்ட்டைத் தொடும்போது உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர் அதை ஒரு ரெசிஸ்டருக்குள் தள்ளி விடுகிறது. அத்தனையும் சூடாகிப் போய்ச் சேரும். ஆக, சூடாவதுதான் ரெசிஸ்டரின் வேலையே. ஓடும்போது அதன் மேல் பரப்பு சில நூறு டிகிரிக்குப் போவது சகஜம்.

இப்போது கணக்கு. சக்கும் ஜாபும் சேர்ந்து சுழல்நிலைமம் 0.2 கி.கி.மீ² என்று வைத்துக்கொள்ளுங்கள். 3000 சுற்றில் அதில் தேங்கியிருப்பது சுமார் 10,000 ஜூல். நிமிடத்துக்கு இரண்டு முறை நிறுத்தினால் சராசரியாக 330 வாட். பேனலுக்குள் ஒரு சின்ன ஹீட்டரை நாள் முழுக்க எரிய விடுவதற்குச் சமம்!

பெட்டிக்குள் ஃபேன் வைத்தால் சூடு எங்கே போகும்? அங்கேயேதான் சுற்றி வரும். குப்பையைக் கூட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளுகிற வேலை. ஏ.சி. வைத்தால்? ஸ்பிண்டிலைச் சுழற்ற ஒரு முறை கரண்ட் காசு, அந்தச் சூட்டை வெளியேற்ற இன்னொரு முறை கரண்ட் காசு, ஏ.சி. பழுதானால் மூன்றாவது முறை.

பல டிரைவுகள் சுற்றியுள்ள காற்று 40 டிகிரி வரைதான் முழுத் திறனோடு ஓடும். சென்னை 2003 மே 31 அன்று 45 டிகிரியைப் பார்த்த ஊர். வெளியிலேயே இப்படியென்றால் மூடிய பெட்டிக்குள் கேட்கவே வேண்டாம். டிரைவில் இருக்கும் கெபாசிட்டரின் ஆயுள், ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. பேனல் செய்தவர் மிச்சம் பிடித்தது ஒரு தகரக் கூண்டும் சில மீட்டர் வயரும். கட்டுவது பட்டறைக்காரர், அதுவும் கடன் தவணையோடு சேர்த்து.

"வெளியே வைத்தால் கை சுட்டுவிடும், எண்ணெயும் துருவலும் விழும்" என்பார்கள். பேனலின் தலைமேல், கைக்கு எட்டாமல், எர்த் செய்த ஓட்டைபோட்ட கூண்டுக்குள், சுற்றிலும் காற்றுப் போக இடம்விட்டு வையுங்கள். 70 டிகிரி தாங்கும் சாதா பி.வி.சி. வயரைப் போடாமல் சிலிகான் வயர் போடுங்கள். மாதம் ஒருமுறை தூசி தட்டுங்கள். இதற்கு ராக்கெட் விஞ்ஞானி தேவையில்லை :-)

"மின்சாரத்தை லைனுக்கே திருப்பி அனுப்பும் டிரைவ் வாங்கலாமே?" நல்ல கேள்வி. டெல்லி மெட்ரோ பிரேக்கிலிருந்து கிடைக்கும் மின்சாரத்தைக் காட்டி 2007-ல் ஐ.நா. கார்பன் கிரெடிட் திட்டத்தில் பதிவே செய்தது. நம் சென்னை மெட்ரோவும் அப்படித் திருப்பி எடுக்கிறது. ரயிலுக்கு அது சரி. நம் லேத்துக்கு? 330 வாட்டை 8 மணி நேரம் போட்டால் 2.6 யூனிட். வருஷத்துக்கு 300 நாள் என்றால் சுமார் 800 யூனிட், அதுவும் துளி நஷ்டமில்லாமல் திரும்பினால். கூடுதல் விலையை இதோடு வகுத்துப் பாருங்கள். பெரிய சக், ஓயாத நிறுத்தம் என்றால் கட்டுபடியாகலாம். மற்றவர்களுக்கு ரெசிஸ்டரே போதும், இடம் மட்டும் மாறட்டும்.

பணத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. அந்த டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் ரெசிஸ்டர் நிரந்தரமாக மின்சாரத்தில் தொங்கும். 40 ஓம் ரெசிஸ்டரில் 580 வோல்ட் என்றால் 8,400 வாட்! 500 வாட்டுக்குச் செய்த பொருள் அது. பெட்டிக்குள், வயர் கட்டுகளுக்கு நடுவில் அது பழுக்கக் காய்ந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ரெசிஸ்டரில் இருக்கும் தெர்மல் சுவிட்ச், மெஷினுக்கு வரும் மெயின் கான்டாக்டரையே விழ வைக்க வேண்டும். டிரைவை நிறுத்தச் சொல்லி சிக்னல் மட்டும் கொடுத்தால் பிரயோஜனமில்லை. டிரைவ் நின்றாலும் கரண்ட் ரெசிஸ்டருக்குப் போய்க்கொண்டேதான் இருக்கும்.

நந்தம்பாக்கத்தில் அம்பத்தூர் தொழிற்பேட்டை உற்பத்தியாளர் சங்கம் நடத்தும் அக்மி கண்காட்சிக்குப் போகிறவர்கள், ஸ்பிண்டில் எத்தனை சுற்று என்று கேட்பதோடு மூன்று கேள்விகளையும் கேளுங்கள். ரெசிஸ்டர் எங்கே இருக்கிறது? அதன் சூடு எந்த வழியாக வெளியே போகிறது? தெர்மல் சுவிட்ச் எதை ஆஃப் செய்கிறது?

என் வகுப்புத் தோழர்களே, நாளைக்கு வங்கியில் மெஷின் லோன் ஃபைல் உங்கள் மேஜைக்குத்தான் வரப்போகிறது. கொட்டேஷனில் "பேனல் ஏ.சி." என்ற வரியைப் பார்த்தால் உடனே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். அது எதைக் குளிர வைக்க வந்தது என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.