அலை அறிந்து தூண்டில் விடு

கடலில் போலி இரையை இழுத்து மீன் பிடிக்கக் கிளம்புகிறவர்களில் பலர், மீன் பிடிப்பதற்கு முன் தாங்களே பிடிபட்டு விடுகிறார்கள், தூண்டில் கடையில். நீலம், ஊதா, பச்சை என்று பாவாடை கட்டிக்கொண்டு கண்ணாடி அலமாரியில் தொங்கும் பிளாஸ்டிக் இரைகள் முதலில் வீழ்த்துவது பர்ஸைத்தான். பத்து வண்ணம் வாங்கிப் போனவர் வெறுங்கையோடு திரும்புவதும், பழைய இறகு இரை ஒன்றை மட்டும் வைத்திருந்தவர் சூரை மீன்களோடு கரையேறுவதும் உண்டு. அதிர்ஷ்டம் என்று சொல்லித் தேற்றிக்கொள்ளலாம். ஆனால் பெரும்பாலும் காரணம் வேறு. என்ன இரை என்பதைவிட, அது படகுக்குப் பின்னால் எங்கே ஓடுகிறது என்பதே முக்கியம்.

பொழுதுபோக்குக்காகப் போகிறவருக்கு இது கௌரவப் பிரச்னை. பிழைப்புக்காகப் போகிறவருக்கு டீசல் பிரச்னை. கொச்சியிலிருந்து 459 கி.மீ. தள்ளி இருக்கும் அகத்தித் தீவையே எடுத்துக்கொள்ளலாம். லட்சத்தீவில் சூரை பிடிக்கும் முக்கியமான முறை, சிறு மீன்களை உயிரோடு கடலில் தூவி, கூட்டத்தை வரவழைத்து, கம்புத் தூண்டிலால் அள்ளுவது. மினிக்காய் தீவுக்காரர்கள் இதில் கைதேர்ந்தவர்கள். அந்தச் சிறு மீன் கிடைக்காத நாளில் கைகொடுப்பது, ஓடும் படகின் பின்னால் கயிறு விட்டு இழுக்கும் இழுவைத் தூண்டில். பவளத்திட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனாலே கடல் கிடுகிடுவென்று ஆழமாகி விடுவதால், சின்னப் படகிலேயே பெரிய மீனின் இருப்பிடத்துக்குப் போய்விடலாம். ஆனால் எண்ணெய் கப்பலேறித்தான் தீவுக்கு வரவேண்டும். மீன் கடிக்காத ஒவ்வொரு மணி நேரமும் கைக்காசுதான் புகையாகப் போகிறது.

எனவே முதலில் பார்க்க வேண்டியது இரையை அல்ல, படகை. 25 அடி நீளமுள்ள சாதாரண மீன்பிடிப் படகு மணிக்கு ஆறரைக் கடல் மைலைத் தாண்ட முயன்றால், தான் எழுப்பிய அலையின் மேலேயே ஏறவேண்டியிருக்கும். அதற்கு மேல் கூடும் ஒவ்வொரு கடல் மைலுக்கும் எஞ்சின் எக்கச்சக்கமாக எண்ணெய் குடிக்கும். பாவாடை கட்டிய பெரிய இரைகள் பல, மணிக்கு 7, 8 கடல் மைல் வேகத்தில்தான் (சுமார் 13 முதல் 15 கி.மீ.) உயிர் பெறுகின்றன. அவற்றை வாங்கிக்கொண்டு 5 கடல் மைலில் இழுத்தால், நனைந்த துணி மாதிரி பின்னால் வந்துகொண்டிருக்கும். படகு சிக்கனமாக ஓடும் வேகம் எதுவோ, அந்த வேகத்தில் துடிக்கும் இரைதான் அந்தப் படகுக்கு ஏற்ற இரை.

தலையைப் பார்த்தால் குணம் தெரியும். தோட்டா போன்ற கூர்த்தலை நேராக ஓடும். கடல் கொந்தளிக்கும்போது நம்பலாம். முகம் சாய்வாக வெட்டப்பட்டது நெளிந்து நெளிந்து நீந்தும். அமைதியான கடலுக்குப் பொருத்தம். முகம் குழிந்தது தண்ணீரை அறைந்து சத்தம் போடும். தலையில் துளைகள் உள்ளது குமிழிக் கோடு விட்டுச் செல்லும். தாடையில் தகடு பொருத்திய மீன் வடிவ இரை நீருக்கடியில் இறங்கி ஓடும். ஆனால் அதற்குரிய வேகத்தைத் தாண்டினால் நிலைதடுமாறி மேலே வந்து புரளும், பக்கத்துக் கயிற்றோடு சிக்கிக்கொள்ளும். மேலே துள்ளும் வேக இரையையும் இதையும் ஒன்றாக இழுப்பவர் சிக்கெடுப்பதிலேயே காலைப் பொழுதைக் கழிக்க நேரும்.

இனி இடம். ஓடும் படகின் பின்னால் நடுவில் எஞ்சின் கிளப்பும் வெள்ளை நுரை. அதன் இரு பக்கமும் தெளிந்த நீர். அதற்குப் பின்னால் படகே உண்டாக்கிய அலைகள் வரிசையாகத் தொடர்ந்து வரும். அடர்ந்த நுரைக்குள் ஓடும் இரை மீனின் கண்ணில் படுவது கடினம். நுரையின் ஓரத்தில், தெளிந்த நீரில், அலையின் முன் சரிவில், அதாவது படகைப் பார்த்த பக்கத்தில் இரை சறுக்கிக்கொண்டு வரவேண்டும். மேலே வந்து காற்றைக் கவ்வி, உள்ளே பாய்ந்து, குமிழிகளை விட்டுச் சில விநாடிகளில் மறுபடி மேலே வந்தால் சரியாக ஓடுகிறது என்று அர்த்தம். அடிக்கடி காற்றில் பறந்து விழுந்தால் வேகத்தைக் குறைக்கலாம், அல்லது கயிறு புறப்படும் இடத்தைத் தாழ்த்தலாம். மூழ்கியே வந்தால் கயிற்றை உயர்த்தலாம். அலையின் பின் சரிவில் மாட்டியிருந்தால் இரண்டு, மூன்று மீட்டர் கயிற்றை இழுத்தாலோ விட்டாலோ போதும். இத்தனைக்கும் காசு செலவில்லை.

சின்னப் படகுக்கு மூன்று கயிறு தாராளம். சத்தம் போடும் பெரிய இரை ஒரு பக்கம் 10, 12 மீட்டரில். மறுபக்கம் நெளிந்தோடும் இரை 20 மீட்டரில். நடுவில் எல்லாவற்றுக்கும் மேலாக உயர்த்திக் கட்டிய சிறிய கூர்த்தலை 40 மீட்டரில். படகின் சத்தமும் பெரிய இரையின் ஆரவாரமும் மீனை மேலே அழைக்கும். கிட்டே வரத் தயங்கும் மீன் பின்னால் வரும் சின்னதை எடுக்கும். ஆறு கயிறு விட்டால் ஆறு மடங்கு மீன் விழும் என்ற கணக்கு, முதல் திருப்பத்திலேயே தப்பாகிவிடும்.

திருப்பத்தில் ஒரு பாடமும் இருக்கிறது. படகு வளையும்போது உள்பக்க இரை வேகம் குறைந்து தாழும். வெளிப்பக்க இரை விரையும். உள்பக்கத்தில் மீன் கடித்தால் அன்றைக்கு வேகம் கூடுதல் என்று கொள்ளலாம். வெளிப்பக்கத்தில் கடித்தால் கொஞ்சம் விரட்டிப் பார்க்கலாம். திருப்பம் அகலமாக இருப்பது நல்லது.

வண்ணம்? அதற்கும் பங்கு உண்டு, கடைக்காரர் சொல்லும் அளவுக்கு இல்லை. கடல் நீர் முதலில் விழுங்குவது சிவப்பைத்தான். பத்து மீட்டர் ஆழத்தில் சிவப்பு கருமையாகிவிடும். கீழிருந்து பார்க்கும் மீனுக்கு வானத்தின் பின்னணியில் தெரிவது நிழலுருவம். விடியற்காலையிலும் மேகமூட்டத்திலும் கறுப்பும் ஊதாவும் எடுப்பாக இருப்பது இதனால்தான். வண்ணத்தைவிட அளவு முக்கியம். ஆலாப் பறவைகள் விரல் நீளக் குஞ்சு மீன்களைக் கொத்திக்கொண்டிருக்கும்போது ஒரு முழ இரையை இழுத்தால் சூரை திரும்பிப் பார்க்காது. பறவைக் கோலா துள்ளும் நாளில் பெரிதை எடுக்கலாம். பறவைக் கூட்டத்தின் நடுவே படகை விட்டால் மீன் கலைந்துவிடும். ஓரமாகச் சுற்றி, இரை மட்டும் கூட்டத்தின் விளிம்பைத் தொடும்படி இழுக்க வேண்டும். டால்பின்களோ ஆமைகளோ தென்பட்டால் ஒதுங்கிப் போவதே சட்டத்துக்கும் நல்லது, மனதுக்கும் நல்லது.

கடைசி இரண்டு மீட்டர் விஷயமும் உண்டு. வஞ்சிரமும் சீலாவும் நரம்பைக் கடித்தே அறுத்துவிடும். அவற்றுக்கு எஃகுக் கம்பி வேண்டும். சூரைக்குக் கண் கூர்மை. அதற்குத் தடித்த நரம்பே போதும். முள்ளை நகத்தில் வைத்து இழுத்தால் வழுக்காமல் பிடிக்க வேண்டும். வழுக்கினால் அரம் எடுக்க வேண்டிய நேரம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் கை. மீன் கடிப்பது தெரியட்டும் என்று கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு உட்காரும் பழக்கம் ஆபத்தானது. முப்பது கிலோ மீன் ஒரே இழுப்பில் விரலைக் கொண்டுபோகும், சில நேரம் ஆளையே கொண்டுபோகும். கயிறு படகில் இருக்கட்டும். பின்னால் இரையைப் பார்க்க ஒருவர், முன்னால் திட்டையும் வானத்தையும் பார்க்க ஒருவர் என்று குறைந்தது இரண்டு பேர் வேண்டும்.

அடுத்த முறை மீன் கடிக்காவிட்டால், பெட்டியைத் திறந்து புது இரை தேடுவதற்கு முன் ஐந்து நிமிடம் பின்னால் திரும்பி நின்று நுரையைக் கவனிக்கலாம். பெரும்பாலும் மாற்ற வேண்டியது இரையை அல்ல, மூன்று மீட்டர் கயிற்றைத்தான்.