கதவு தட்டப்படுவதற்கு முன்னே



பிழைப்பின் நிமித்தம் சொந்த ஊரை விட்டுப் பெருநகரங்களில் குடியேறியிருக்கும் நமது குடும்பங்களில் வழக்கமாகக் கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. "எங்கள் பையன் எங்கும் சுற்றுவதில்லை, பள்ளி விட்டால் வீடு, வீட்டுக்கு வந்தால் கம்ப்யூட்டர்" என்று தாய்மார் திருப்தியோடு சொல்லுவார்கள். பிள்ளை வீட்டுக்குள் இருக்கிறான் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கம்ப்யூட்டரின் வழியாக அவன் எங்கெங்கே போய் வருகிறான், யாரோடு பழகுகிறான் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிந்திருக்கிறோம்?

பிறருடைய கம்ப்யூட்டருக்குள் அனுமதியின்றி நுழைகிறவர்களை 'ஹேக்கர்கள்' என்று அழைக்கிறோம். இன்றைய செய்திகளில் அவர்கள் பணம் பறிக்கும் கூட்டமாகவே காட்டப்படுகிறார்கள். ஆனால் இந்த மறைவான உலகம் தோன்றிய நாட்களில் அதற்குள் இழுக்கப்பட்ட அநேகர் பணத்தை நாடிப் போனவர்கள் அல்லர். அவர்கள் கூர்ந்த அறிவும் அடங்காத ஆர்வமும் உள்ள பிள்ளைகள். அவர்களில் சிலருடைய வாழ்க்கையை இம்மாதம் உங்கள் முன் வைக்க விரும்புகிறோம். பெற்றோரும் வாலிபரும் சேர்ந்து வாசியுங்கள்.

விசிலடித்த சிறுவன்

வீடுகளுக்குக் கம்ப்யூட்டர் வருமுன்னே இந்தக் கதை தொலைபேசியில் ஆரம்பமாயிற்று. அமெரிக்காவில் 1949-ஆம் ஆண்டு ஜோ எங்ரெசியா என்னும் குழந்தை பார்வையின்றிப் பிறந்தது. ஒருமுறை கேட்ட சுரத்தை அப்படியே திரும்ப எழுப்பக்கூடிய அபூர்வமான செவித்திறன் அவனுக்கு இருந்தது. தனிமையான அந்தச் சிறுவனுக்குத் தொலைபேசியே தோழன். ஏறக்குறைய எட்டு வயதில், தொலைபேசியில் ஒரு பதிவுக் குரலைக் கேட்டுக்கொண்டே விசிலடித்தபோது, அந்தக் குரல் சட்டென்று நின்றுபோனதைக் கவனித்தான்.

காரணம் இதுதான். வெளியூர் இணைப்பு ஒன்று காலியாக இருக்கிறது என்பதைத் தெரிவிக்க, தொலைபேசி நிறுவனத்தின் இயந்திரங்கள் விநாடிக்கு 2,600 அதிர்வுகள் கொண்ட ஓர் ஒலியைப் பயன்படுத்தின. அதே ஒலியை விசிலாக எழுப்பினால், பேச்சு முடிந்துவிட்டது என்று மறுமுனை இயந்திரம் எண்ணிக்கொள்ளும். இணைப்போ அழைத்தவனுடைய கையிலேயே இருக்கும். அதன்பின் கட்டணமின்றி எங்கும் பேசலாம்.

வளர்ந்து கல்லூரிக்குச் சென்ற ஜோ, சக மாணவர்களுக்கு விசிலடித்தே வெளியூர் அழைப்புகளைப் பெற்றுத் தந்தார். அதற்காகப் பிடிபட்டார். 1971-ல் கைதும் செய்யப்பட்டார். ஆயினும் பின்னர் ஒரு தொலைபேசி நிறுவனமே அவருக்கு வேலை கொடுத்தது. அவருடைய திறமைக்கு நேர்மையான ஓர் இடம் கிடைத்தது.

1971 அக்டோபரில் 'எஸ்குவயர்' என்னும் அமெரிக்கப் பத்திரிகை இத்தகையவர்களைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரையை வெளியிட்டது. தொலைபேசிக் கம்பியிலேயே ஒருவரையொருவர் கண்டுகொண்டு மணிக்கணக்காகப் பேசிய இவர்களில் பார்வையற்ற வாலிபர்களும் பலர் இருந்தார்கள். இலவச அழைப்பு அவர்களுக்கு ஒரு சாக்கு. தங்களைப் போன்ற இன்னொருவருடைய குரலைக் கேட்கவே அவர்கள் ஏங்கினார்கள்.

கேட்கப்படாத கேள்வி

பன்னிரண்டு ஆண்டுகள் கடந்தன. 1983-ல் மில்வாக்கி நகரத்துப் பிள்ளைகள் சிலர், வீட்டுக் கம்ப்யூட்டரையும் அதைத் தொலைபேசியோடு இணைக்கும் மோடத்தையும் வைத்துக்கொண்டு பல கம்ப்யூட்டர்களுக்குள் நுழைந்தார்கள். தங்கள் ஊரின் தொலைபேசிக் குறியீட்டைக் கொண்டு '414' என்று தங்கள் குழுவுக்குப் பெயரிட்டிருந்தார்கள். அவர்கள் நுழைந்த இடங்களில் அணு ஆயுத ஆராய்ச்சி நடக்கும் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடமும், நியூயார்க்கிலுள்ள புகழ்பெற்ற ஸ்லோன்-கெட்டரிங் புற்றுநோய் மருத்துவமனையும் அடங்கும்.

இதற்குப் பெரிய மந்திரம் ஒன்றும் தேவைப்படவில்லை. கம்ப்யூட்டரை விற்ற நிறுவனம் ஆரம்பத்தில் வைத்துக்கொடுத்த பொதுவான பாஸ்வேர்டை அநேக இடங்களில் மாற்றாமலே விட்டிருந்தார்கள். பூட்டு இருந்தது, சாவியும் பூட்டிலேயே இருந்தது.

அந்தப் பிள்ளைகள் எதையும் விற்கவில்லை. ஆனாலும் மருத்துவமனையில் சில பதிவுகள் அழிந்துபோயின. புற்றுநோயாளிகளின் சிகிச்சைக்குத் துணைநிற்கும் ஒரு கம்ப்யூட்டரில் தெரியாத கை ஒன்று விளையாடுகிறது என்பதை நினைத்துப் பாருங்கள். திரைக்கு அப்பால் படுக்கையில் ஒரு மனிதர் இருக்கிறார் என்பது, திரைக்கு இப்பால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குத் தெரிவதில்லை. அதை யாராவது சொல்லித் தர வேண்டும்.

அந்த ஆண்டு செப்டம்பரில், குழுவைச் சேர்ந்த 17 வயது வாலிபன் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொன்னான். செய்வது சரிதானா என்ற எண்ணம் உனக்கு எப்போது வந்தது என்று அவனிடம் கேட்டார்கள். எஃப்.பி.ஐ. அதிகாரிகள் வந்து கதவைத் தட்டியபோதுதான் என்ற பொருளில் அவன் பதிலளித்தான்.

பெற்றோரே, இந்தப் பதிலைச் சற்று நிதானமாகச் சிந்தியுங்கள். அவன் பொய் சொல்லவில்லை, உள்ளதைத்தான் சொன்னான். அதுவரை அந்தக் கேள்வியை அவனிடம் ஒருவரும் கேட்கவில்லை.

யாருமற்ற பிள்ளை

1986 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் கம்ப்யூட்டர் பயன்பாட்டுக் கணக்கு 75 சென்ட் இடித்தது. ஒரு டாலருக்கும் குறைவான அந்த வித்தியாசத்தை அற்பமென்று விடாமல், கிளிஃப் ஸ்டோல் என்னும் விண்வெளி ஆய்வாளர் மாதக்கணக்காகத் தொடர்ந்து சென்றார். தடம் ஜெர்மனியின் ஹானோவர் நகரத்தில் போய் முடிந்தது. அங்கே சில வாலிபர்கள் அமெரிக்கக் கம்ப்யூட்டர்களுக்குள் நுழைந்து, எடுத்ததைச் சோவியத் உளவுத்துறைக்கு விற்றுவந்தார்கள்.

அந்த வட்டத்தில் ஒருவன் கார்ல் கோக். 1965-ல் பிறந்த அவன், இருபது வயதாகுமுன்னே தாயையும் தகப்பனையும் இழந்தவன். கையில் தகப்பன் விட்டுச்சென்ற பணம் இருந்தது. கண்டித்துப் பேச ஆள் இல்லை. கம்ப்யூட்டர் அவனை ஆட்கொண்டது; போதைப்பொருளும் ஆட்கொண்டது. அந்தச் செலவுக்குப் பணம் தேவைப்பட்டபோது, விளையாட்டாக ஆரம்பித்தது வியாபாரமாக மாறிற்று. 1988-ல் அவன் தானாகவே அதிகாரிகளிடம் போய் நடந்ததைச் சொன்னான். 1989 மே மாதத்தில் காணாமற்போனான். சில நாட்களுக்குப் பின், ஒரு காட்டில் எரிந்த நிலையில் அவனுடைய உடல் கண்டெடுக்கப்பட்டது. அவனுக்கு 23 வயது. அவனோடு இருந்த மூவருக்கு 1990-ல் நீதிமன்றம் ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை வழங்கிற்று. அவர்கள் வீடு திரும்பினார்கள், அவன் திரும்பவில்லை.

பிரியமானவர்களே, ஜோவும் கார்லும் ஏறக்குறைய ஒரே வாசலில்தான் நின்றார்கள். இருவரும் அறிவாளிகள், இருவரும் தனிமையில் இருந்தவர்கள். ஒருவருடைய திறமையைக் கண்டு, அதற்கு நேரான வழியைக் காட்ட ஆள் கிடைத்தது. மற்றவனுடைய திறமையை முதலில் கண்டுகொண்டவர்கள் அதை விலைக்கு வாங்க வந்தவர்கள்.

நாம் செய்ய வேண்டியது

முதலாவது, பிள்ளையின் ஆர்வத்தைக் குற்றமாக எண்ணாதிருங்கள். கம்ப்யூட்டரைப் பிடுங்கிப் பூட்டி வைப்பதால் ஆர்வம் அடங்காது. அது நமக்குத் தெரியாத இடத்துக்குப் போய்விடும். "இது எப்படி வேலை செய்கிறது, எனக்கும் காட்டு" என்று கேளுங்கள். தகப்பனுக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை. கேட்பதற்கு வீட்டில் ஆள் உண்டு என்பது பிள்ளைக்குத் தெரியவேண்டும்.

இரண்டாவது, அடுத்த வீட்டுக் கதவு திறந்திருந்தால் உள்ளே போகலாமா என்று கேட்டால், நம் பிள்ளைகள் எல்லாரும் கூடாது என்றுதான் சொல்லுவார்கள். தோழனுடைய பாஸ்வேர்டைப் பார்த்துவிட்டால் அவனுடைய கடிதங்களைத் திறக்கலாமா என்று கேளுங்கள். பதில் சற்றுத் தயங்கி வரும். அந்தத் தயக்கத்தில்தான் நீங்கள் பேச வேண்டும்.

மூன்றாவது, சட்டத்தைச் சொல்லிக்கொடுங்கள். நமது நாட்டில் 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவின்படி, உரியவரின் அனுமதியின்றி ஒரு கம்ப்யூட்டருக்குள் நுழைகிறவர் நஷ்டஈடு கொடுக்க நேரிடும். அதையே நேர்மையற்ற எண்ணத்தோடோ மோசடியாகவோ செய்தால், 66-ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டுகள் வரை சிறையோ, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். "சும்மா பார்த்தேன்" என்ற சாக்கு செல்லாது.

நான்காவது, நேர்மையான வழி இருக்கிறது என்பதையும் காட்டுங்கள். தங்கள் கம்ப்யூட்டர் அமைப்பிலுள்ள குறைகளைக் கண்டுபிடித்துச் சொல்லும்படி பல நிறுவனங்கள் வெளிப்படையாகவே அழைத்து, பரிசும் கொடுக்கின்றன. அவர்கள் குறித்த எல்லைக்குள் மட்டும் தேட வேண்டும். மத்திய அரசின் 'செர்ட்-இன்' அமைப்பிடமும் இத்தகைய குறைகளைத் தெரிவிக்கலாம். பூட்டின் பலவீனத்தைக் காணும் கண், வீட்டைக் காக்கவும் உதவும்.

தவறிவிட்ட பிள்ளைக்கும் ஒரு வார்த்தை. 1988 நவம்பர் 2-ஆம் தேதி, ராபர்ட் மோரிஸ் என்னும் மாணவர் இணையத்தில் விட்ட ஒரு நிரல் கட்டுக்கடங்காமல் பெருகி, ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களை முடக்கிப்போட்டது. அவருடைய தகப்பனாரோ அரசாங்கத்தின் கம்ப்யூட்டர் பாதுகாப்பு நிபுணர்! நல்ல குடும்பத்துப் பிள்ளையும் இடறக்கூடும். 1990-ல் நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும், 400 மணிநேரப் பொதுச்சேவையும், 10,050 டாலர் அபராதமும் விதித்தது. அவர் தண்டனையை நிறைவேற்றினார், மீண்டும் படித்தார், பிற்காலத்தில் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். பிடிபட்ட நாளோடு ஒரு பிள்ளையின் வாழ்க்கை முடிந்துவிடுவதில்லை.

இன்று இரவு உணவு முடிந்தபின், உங்கள் பிள்ளையின் அறைக் கதவை நீங்களே மெதுவாகத் தட்டுங்கள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். அவன் என்ன செய்துகொண்டிருக்கிறான் என்று கேளுங்கள். பதில் முடியும்வரை எழுந்திராதிருங்கள்.