மிச்சத்தில் ஒரு பங்கு

சுன்னாகச் சந்தைக்கு வாழைக்குலை கொண்டுவரும் தோட்டக்காரர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். அவருடைய நீரிறைக்கும் இயந்திரம் பழையது. எண்ணெயை அளவுக்கு மிஞ்சிக் குடிக்கின்றது. புதியது வாங்கக் கையிற் பணமில்லை. அவரிடம் ஒருவர் வந்து, "ஐயா, புதிய இயந்திரத்தை என் செலவிற் பூட்டித் தருகின்றேன். மிச்சப்படும் எண்ணெய்க் காசில் ஒரு பங்கை ஐந்து ஆண்டுகளுக்குத் தாருங்கள். பின்னர் எல்லாம் உங்களுக்கே" என்கிறார். "மிச்சப்படாவிட்டால்?" என்று தோட்டக்காரர் வினவுகிறார். "நட்டம் என்னுடையது" என்பது விடை.

நிலத்தை வாரத்துக்கு விடுவதை ஒத்த இவ்வேற்பாட்டை அரசாங்கக் கட்டடங்களுக்கும் செய்யலாம். கந்தோர்களிலும் வைத்தியசாலைகளிலும் எரியும் பழைய குழல்விளக்கு, அதன் துணைக்கருவியுடன் ஏறத்தாழ 45 உவாற்று மின்சாரத்தை உண்ணும், புதிய எல்.ஈ.டி. விளக்குக்கு 20 போதும். பழைய மின்விசிறிக்கு 75 உவாற்று. புதுவகைக்கு 30 அளவே. ஆயினும் மாற்றுவதற்கு முதல் வேண்டும். அம்முதலைக் கம்பனி இடும். மின்பட்டியலிற் குறையும் தொகையிலிருந்து தன் ஊதியத்தைப் பெறும்.

இது நேற்றுப் பிறந்த யுக்தியன்று. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜேம்ஸ் உவாற்றும் அவர் கூட்டாளி போல்ற்றனும் இங்கிலாந்தின் கோண்வால் சுரங்கங்களுக்கு நீராவிப் பொறி அமைத்தனர். அங்கே நிலக்கரி கிடையாது. கடல்வழியே வரவழைக்க வேண்டும். பழைய நியூகொமன் பொறியைவிடத் தம் பொறி மிச்சப்படுத்திய கரியின் பெறுமதியில் மூன்றிலொரு பங்கையே அவர்கள் கேட்டனர். அமெரிக்க மத்திய அரசாங்கக் கட்டடங்களுக்கு இவ்வகை ஒப்பந்தத்தை 1986ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதித்தது. பேர்லின் நகரம் 1996இல் தன் பொதுக் கட்டடங்களைத் தொகுதி தொகுதியாக இம்முறையில் ஒப்படைக்கத் தொடங்கியது. இந்தியாவில் அரசாங்க மின்துறை நிறுவனங்கள் நான்கு கூடி 2009இல் அமைத்த நிறுவனம், 2015இல் தொடங்கிய திட்டத்தின்கீழ் ஒரு கோடிக்கு மேற்பட்ட தெருவிளக்குகளை மாற்றியுள்ளது. இலங்கையிலும் 2007ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் நிலைபெறுதகு வலு அதிகாரசபை நிறுவப்பட்டது.

மின்சாரத்தின் விலை பட்டியலில் மட்டும் எழுதப்படுவதன்று என்பதைச் சுன்னாகத்தார்க்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. எண்ணெயால் மின்சாரம் பிறப்பித்த இவ்வூரில், நிலத்தடி நீரில் அவ்வெண்ணெய் கலந்தது பற்றிய வழக்கு உயர் நீதிமன்றம்வரை சென்றது. தனியார் மின்னிலையக் கம்பனி 2 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டுமென 2019 ஏப்ரலில் தீர்ப்பளிக்கப்பட்டது. 2022இல் நாடு முழுவதும் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை இருளில் இருந்ததையும் நாம் மறக்கவில்லை. வீணாக எரியாத ஓர் அலகு, எவர் கிணற்றையும் கெடுக்காத அலகாகும்.

எனினும் இரண்டு எச்சரிக்கைகள் உள. முதலாவது, மிச்சம் கண்ணுக்குத் தெரியாத பொருள். எரிந்ததை மானி காட்டும். எரியாததைக் கணக்கே காட்டும். உவாற்றின் பொறியில் அடிகளை எண்ணும் கருவியைப் பூட்டிய பெட்டிக்குள் வைத்தார்கள். அப்படியும் சுரங்கத்தார் சிலர் பணங் கொடுக்க மறுத்தனர். ஆதலின் பழைய செலவு எவ்வளவு என்பதை, இருதரப்பையும் சாராத ஒருவர் முதலில் அளந்து எழுதுதல் வேண்டும்.

இரண்டாவது, மிச்சம் பிடிக்க முதலில் வீண்செலவு இருத்தல் வேண்டும். பெரிய வைத்தியசாலையிலும் செயலகத்திலும் அது மிகுதி. பாதி விளக்குகள் எரியாத சிறு கிராமப் பாடசாலையில் எதை மிச்சம் பிடிப்பது? அங்கே கூடுதல் வெளிச்சமே தேவை. இலாபம் நாடி வருவோர் அப்பாடசாலையை எட்டியும் பாரார். பெரிய கட்டடங்களோடு சிறியவற்றையும் ஒரே தொகுதியாகச் சேர்த்து ஒப்படைப்பதே இதற்கு மாற்று.

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்வோம். உங்கள் வகுப்பறையிலுள்ள விளக்குகளையும் விசிறிகளையும் எண்ணுங்கள்; அவை இயங்கும் மணிநேரத்தால் உவாற்றைப் பெருக்கி, ஆயிரத்தால் வகுங்கள். வருவது மின்பட்டியலின் அலகு. ஒரு மாதம் கொப்பியில் எழுதி வாருங்கள். ஒப்பந்தம் பேச ஒருவர் எப்பொழுதாவது வருவாராயின், அவர்முன் விரிக்கவேண்டிய முதல் ஏடு அதுவே.